கப்பலா, ஏவுகணையா, சிறு அணிகளா? மரைன் படையை நவீனமாக்க மூன்று வழிகள்

கடலிலிருந்து கரையிறங்கிச் சண்டையிடும் மரைன் படையை நவீனமாக்க வேண்டும் என்றால் யாரும் மறுப்பதில்லை. எதில் தொடங்குவது என்று கேட்டால்தான் பேச்சு ஆளுக்கொரு பக்கம் போகிறது. ஒரு பிரிகேட் அளவுக்கு, அதாவது சில ஆயிரம் வீரர்கள், 1970-களில் வடிவமைத்த நிலநீர் ஊர்திகள், வயதான ஒன்றிரண்டு தரையிறங்கு கப்பல்கள், காக்க வேண்டிய நீண்ட கரை, எட்டத்தில் சில தீவுகள். நடுத்தர வசதியுள்ள கடலோர நாடுகள் பலவற்றின் நிலைமை ஏறக்குறைய இதுதான். கையில் இருக்கும் பணம் ஒரு பாதைக்குத்தான் போதும்.

பேசப்படும் பாதைகள் மூன்று. பெரிய தரையிறங்கு கப்பல்களை வாங்கி, ஒரு பிரிகேடையே கடலிலிருந்து கரையில் இறக்கும் திறனைப் பெறுவது ஒன்று. டாங்கியையும் பீரங்கியையும் குறைத்துக்கொண்டு, தீவுகளில் ஏவுகணைகளோடு பதுங்கி எதிரிக் கப்பலைக் கரையிலிருந்தே அடிப்பது இன்னொன்று. சிறு கமாண்டோ அணிகளையும் ட்ரோன்களையும் வைத்து அடித்துவிட்டுத் திரும்புவது மூன்றாவது.

இந்த மூன்றையும் எடைபோடும்போது ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. மரைன் படையின் கணக்கில் எழுதப்படுவது விலையின் ஒரு பகுதி மட்டுமே. மீதி கடற்படையின் கணக்கிலும், விமானப்படையின் கணக்கிலும், பழுதுபார்ப்புத் தளத்தின் கணக்கிலும் கிடக்கிறது. அங்கே யாரும் எழுதாமல் விட்டால், கடைசியில் வீரர்கள்தான் அந்தப் பாக்கியைத் தீர்க்கிறார்கள். அதனால் ஒவ்வொரு வழிக்கும் அந்த வெளிக்கணக்கையும் சேர்த்தே கீழே பார்க்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

எந்தக் கரை? இதுதான் முதல் கேள்வி. ஆனாலும் பெரும்பாலான திட்டங்களில் இது கடைசிப் பக்கத்தில்தான் வருகிறது. நம் கரையைக் காக்கவா, பிறர் பிடித்த நம் தீவை மீட்கவா, தொலைவில் உள்ள வேறொரு கரையில் இறங்கவா? மூன்றுக்கும் வேறுவேறு படை வேண்டும். அடுத்து அந்தக் கரையின் தன்மை: சரிவு எவ்வளவு, அடியில் மணலா சேறா பவளப்பாறையா, ஓதத்தில் கடல்நீர் எத்தனை அடி ஏறி இறங்குகிறது என்பதெல்லாம் தெரிய வேண்டும்.

1943 நவம்பர் 20 அன்று பசிபிக்கில் தராவா பவளத்தீவின் பெட்டியோ திட்டில் அமெரிக்க மரைன்கள் இறங்கினார்கள். அவர்களுடைய படகு மிதக்க ஏறக்குறைய 4 அடி தண்ணீர் வேண்டும். அன்று பவளப்பாறையின் மேல் அந்த அளவு தண்ணீர் ஏறவில்லை. சங்கிலிப் பட்டையில் ஊர்ந்து பாறையைத் தாண்டக்கூடிய ஊர்திகள் 125 தான் இருந்தன. மற்றவர்கள் பாறை விளிம்பில் படகைவிட்டு இறங்கி, துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி, இயந்திரத் துப்பாக்கிகளுக்கு நேரே நூற்றுக்கணக்கான மீட்டர் தண்ணீரில் நடந்தார்கள். 76 மணி நேரச் சண்டையில் சுமார் 1,000 அமெரிக்கர்கள் இறந்தார்கள். ஓதக் கணக்கில் ஓரிரு அடி பிசகியதற்கு அவர்கள் கொடுத்த விலையும் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறது.

இன்று காற்று மெத்தையில் மிதந்து நேராகக் கரையேறும் ஹோவர்கிராஃப்ட் வகைப் படகுகள் உலகக் கரைகளில் சுமார் 70 சதவீதத்தில் ஏற முடியும் என்றும், சாதாரணத் தரையிறங்கு படகுகளுக்கு அது 15 முதல் 17 சதவீதம்தான் என்றும் அமெரிக்கக் கடற்படை வட்டாரங்களில் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். ஆனால் உங்களுக்கு உலகக் கரை தேவையில்லை. உங்கள் பட்டியலில் உள்ள கரைகள் அந்த 15-க்குள் வருகின்றனவா என்பதே கேள்வி. கரை அளவீட்டுக்குச் செலவிடும் பணம் ஓர் ஏவுகணையின் விலைக்கு முன் மிகச் சிறியது. அதைச் செய்யாமல் கப்பல் வகையை முடிவு செய்யக் கூடாது.

வழியில் தப்புமா? செயற்கைக்கோளும் ட்ரோனும் கரையோர ரேடாரும் பார்த்துக்கொண்டிருக்கும் காலத்தில் பெரிய கப்பலை மறைப்பது கடினம்.

நான்காம் நாள் யார் சோறு கொண்டுவருவார்கள்? முதல் மூன்று நாளுக்கு வேண்டியதை வீரர் முதுகில் சுமந்துவிடலாம். அதன்பிறகு தண்ணீர், தோட்டா, பேட்டரி, காயம்பட்டவரைத் திருப்பி எடுத்துப்போகும் படகு எல்லாம் வேண்டும். 2022-இல் கருங்கடலில் பாம்புத் தீவை ரஷ்யா பிடித்து வைத்திருந்தது. ஜூன் 17 அன்று அங்கே விமான எதிர்ப்புச் சாதனம் ஏற்றிவந்த இழுவைக் கப்பலை உக்ரைன் ஹார்பூன் ஏவுகணையால் மூழ்கடித்தது. கரையிலிருந்து பீரங்கி அடியும் தொடர்ந்தது. ஜூன் 30-இல் ரஷ்யப் படை தீவைக் காலி செய்தது. உக்ரைன் படை தரையிறங்கித் தீவைப் பிடிப்பதற்கு முன்பே அவர்கள் போய்விட்டார்கள்.

ஆளும் பராமரிப்பும் இருக்கிறதா? வாங்கும் விலையோடு இருபது, முப்பது ஆண்டுகளுக்கான உதிரிபாகம், கப்பலைத் தண்ணீருக்கு வெளியே நிறுத்திப் பழுதுபார்க்கும் உலர்துறை, தொழில்நுட்ப ஆட்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

போர் இல்லாத நாளில் என்ன பயன்? புயல், சுனாமி, வெளிநாட்டில் சிக்கியவர்களை மீட்பது. மக்கள் வரிப்பணம் என்பதால் இந்தக் கேள்வியை ஒதுக்க முடியாது.

## வழி 1: பெரிய தரையிறங்கு கப்பல்கள்

கப்பலின் பின்வயிற்றில் தண்ணீரை நிரப்பிக் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் படகுகள் மிதந்து வெளியேறும். இப்படிப்பட்ட கப்பலை எல்பிடி என்கிறார்கள். அதோடு முழுநீள மேல்தளமும் ஹெலிகாப்டர் கூட்டமும் சேர்ந்தால் எல்எச்டி. நூற்றுக்கணக்கான வீரர்கள், கவச ஊர்திகள், மருத்துவமனை, கட்டளை மையம் எல்லாம் ஒரே கப்பலில் அடங்கும். துறைமுகமே இல்லாத இடத்தில் ஒரு பட்டாளத்தை ஆயுதத்தோடும் சோற்றோடும் இறக்க இதைவிட்டால் வேறு வழி இல்லை.

இதன் பலத்தையும் பலவீனத்தையும் ஒரே போரில் பார்க்க வேண்டுமானால் 1982 ஃபாக்லாந்துப் போரைப் பார்க்கலாம். தாய்நாட்டிலிருந்து சுமார் 13,000 கி.மீ. தள்ளி, மே 21 அன்று பிரிட்டன் தன் மரைன் பிரிகேடை சான் கார்லோஸில் இறக்கியது. தரையிறங்கு கப்பல்கள் இல்லாவிட்டால் அர்ஜென்டினா பிடித்த அந்தத் தீவுகளைத் திரும்பப் பெற வழியே இருந்திருக்காது. இறங்கிய இடத்தில் கரையில் எதிர்ப்பு மிகக் குறைவு. அடி முழுவதும் கப்பல்களுக்கு விழுந்தது. ஆர்டென்ட், ஆன்டிலோப், கவென்ட்ரி என்ற மூன்று போர்க்கப்பல்கள் ஒரே வாரத்துக்குள் மூழ்கின. மே 25 அன்று அட்லாண்டிக் கன்வேயர் என்ற சரக்குக் கப்பல் எக்ஸோசெட் ஏவுகணையில் எரிந்தபோது, அதிலிருந்த மூன்று சினூக் ஹெலிகாப்டர்களும் ஆறு வெசெக்ஸ் ஹெலிகாப்டர்களும் போயின. வானில் இருந்த ஒரேயொரு சினூக் தப்பியது. வீரர்களை ஹெலிகாப்டரில் முன்னே கொண்டுபோகும் திட்டம் அத்தோடு முடிந்தது. மரைன்கள் முதுகுச் சுமையோடு சதுப்பு நிலத்தில் கிழக்குத் தீவைக் கடந்து நடந்தார்கள். தலைநகர் ஸ்டான்லியை நெருங்க 90 கி.மீ. வரை நடந்தவர்களும் உண்டு. சரக்குக் கப்பல் மரைன் படையின் பட்டியலில் இல்லாத பொருள். அது போனதும் மரைன் படையின் போர்த்திட்டமே மாறியது.

முதல் மறைமுகச் செலவு, காவல் கப்பல்கள். ஏவுகணையையும் விமானத்தையும் நீர்மூழ்கியையும் தடுக்கும் போர்க்கப்பல்கள் சூழ வராத எல்பிடி பெரிய இலக்கு மட்டுமே. கடற்படையிடம் உதிரியாக அப்படிப்பட்ட கப்பல்கள் இல்லையென்றால், எல்பிடியின் விலையோடு அவற்றின் விலையையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கண்ணிவெடி. இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. 1950 அக்டோபரில் கொரியாவின் வொன்சான் துறைமுகத்தில் இறங்கச் சுமார் 250 கப்பல்களோடு படை வந்தது. உள்ளே மூவாயிரம் அளவுக்குக் கண்ணிவெடிகள். அகற்றப் போன பைரேட், பிளெட்ஜ் என்ற இரு கப்பல்கள் அக்டோபர் 12 அன்று மூழ்கின. மரைன்கள் கப்பலில் வடக்கும் தெற்குமாக அலைந்துவிட்டு மாதக் கடைசியில் கரையேறியபோது, தரைவழியாக வந்த தென்கொரியப் படை ஊரைப் பிடித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. நாற்பது ஆண்டு கழித்து, 1991 வளைகுடாப் போரில், பிப்ரவரி 18 அன்று, குவைத் அருகே அமெரிக்காவின் ட்ரிப்போலி கண்ணிவெடியில் சிக்கியது. அது ஒரு தரையிறங்கு கப்பல். கண்ணிவெடி அகற்றும் பணிக்கே தலைமைக் கப்பலாக நின்றது. அந்தப் போரில் கடல்வழித் தரையிறக்கம் நடக்கவே இல்லை. ஆனால் நடக்கும் என்ற அச்சத்தில் ஈராக் பல படைப்பிரிவுகளைக் கரையிலேயே நிறுத்தி வைத்திருந்தது. இறங்காமலே எதிரியைக் கட்டிப்போடும் அந்தப் பயனும் இந்த வழியின் வரவில் சேர வேண்டியதே.

மூன்றாவது, கப்பல் தயாராக இருக்கும் நாட்கள். ஒரு கப்பல் கடமையில், ஒன்று பயிற்சியில், ஒன்று பழுதுபார்ப்பில் என்பதே கடற்படைகளின் பொது அனுபவம். ஒரேயொரு எல்பிடி வாங்கும் நாடு, தேவைப்படும் நாளில் அது உலர்துறையில் இருக்கலாம் என்பதை ஏற்றுக்கொண்டே வாங்க வேண்டும். அமெரிக்காவில் 31 தரையிறங்கு கப்பல்கள் இருக்க வேண்டும் என்று சட்டமே உண்டு. அப்படியிருந்தும், இருக்கும் 32-இல் பாதியின் நிலை மோசம் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2024 டிசம்பரில் சொன்னது.

பழைய கப்பலை மலிவாக வாங்கலாமே என்பார்கள். 1994-இல் ஆஸ்திரேலியா அமெரிக்காவிடமிருந்து இரண்டு பழைய கப்பல்களை வாங்கி மனூரா, கனிம்ப்லா என்று பெயரிட்டது. வாங்கிய பிறகுதான் துருவின் அளவு தெரிந்தது. 2011 பிப்ரவரியில் யாசி புயல் குவீன்ஸ்லாந்தைத் தாக்கியபோது ஆஸ்திரேலியாவின் தரையிறங்கு கப்பல் ஒன்றுகூடப் புறப்படும் நிலையில் இல்லை. இரண்டும் அதே ஆண்டில் ஓய்வு பெற்றன. எதிர் உதாரணமும் உண்டு. 1971-இல் அமெரிக்கப் படையில் சேர்ந்த ட்ரென்டன் என்ற தரையிறங்கு கப்பலை இந்தியா சுமார் 4.8 கோடி டாலருக்கு வாங்கி 2007-இல் ஜலஷ்வா என்று பெயரிட்டுச் சேர்த்தது. 2020 மே மாதம், பெருந்தொற்று நாட்களில், அதே கப்பல் மாலத்தீவிலிருந்து 698 இந்தியர்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. பழைய கப்பல் வாங்குவதில் தவறில்லை. வாங்கும் முன் அடித்தகடு முதல் கழிவுநீர்க் குழாய் வரை பார்க்கும் ஆட்கள் உங்களிடம் இருக்க வேண்டும்.

### கப்பலுக்கும் கரைக்கும் நடுவே: ஊர்தி

இந்த வழியில் போனால் ஊர்தியையும் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தண்ணீரில் வேகமாகப் போகவும் கரையில் கவசத்தோடு சண்டையிடவும் ஒரே வண்டி வேண்டும் என்ற ஆசைக்கு அமெரிக்கா ஒரு பெரும் விலை கொடுத்திருக்கிறது. தண்ணீரில் 25 நாட் (மணிக்குச் சுமார் 46 கி.மீ.) அளவுக்கு வேகம் தேடிய ஈஎஃப்வி என்ற புதிய ஊர்தித் திட்டம், 300 கோடி டாலர் அளவுக்குச் செலவான பிறகு 2011 ஜனவரியில் கைவிடப்பட்டது. அதனால் 1970-களின் ஏஏவி என்ற நிலநீர் ஊர்தி இன்னும் பத்தாண்டு ஓட வேண்டியதாயிற்று.

2020 ஜூலை 30 அன்று, கலிஃபோர்னியாவின் சான் கிளெமென்டே தீவில் பயிற்சி முடித்து, ஓர் ஏஏவி கப்பலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளே 16 பேர். தரைத்தகட்டுக்கு மேல் தண்ணீர் தெரிந்தது. பூட்ஸின் கணுக்கால் அளவைத் தொட்டாலே ஆட்களை வெளியேற்றத் தொடங்க வேண்டும் என்பது நடைமுறை. அந்த உத்தரவு வரவில்லை. தண்ணீர் இருக்கைப் பலகை வரை ஏறியது. அவசர விளக்கு எரியவில்லை. கைபேசி வெளிச்சத்தில் மேல்கதவின் கைப்பிடியைத் தேடினார்கள். ஒன்பது பேர் இறந்தார்கள். விசாரணையில் அந்த அணிக்குக் கொடுத்த வண்டிகள் மிக மோசமான நிலையில் இருந்ததும், வீரர்கள் சிலருக்கு நீருக்கடியில் வெளியேறும் பயிற்சி முழுமையாகக் கிடைக்காததும் தெரியவந்தன. உடைந்துபோன ரப்பர் அடைப்பும் எரியாத விளக்கும் எந்த நவீனமயத் திட்டத்தின் முகப்பிலும் இடம்பெறாத பொருள்கள்.

ஏஏவிக்குப் பின் வந்த ஏசிவி என்ற எட்டுச் சக்கர ஊர்தி தண்ணீரில் சுமார் 6 நாட் வேகத்தில்தான் போகும். 2022 ஜூலையில் பெரிய அலையில் ஒரு வண்டி கவிழ்ந்த பிறகு, அலை உடையும் இடத்தில் அதை ஓட்டக் கட்டுப்பாடுகள் வந்தன. 6 நாட் வண்டி என்றால் தாய்க்கப்பல் கரைக்கு அருகே வர வேண்டும். கரைக்கு அருகே வந்தால் ஏவுகணை எட்டும் தொலைவுக்குள் வந்தாயிற்று. நீந்தாத, தரையில் நன்றாகச் சண்டையிடும் வண்டியை ஹோவர்கிராஃப்டில் ஏற்றிக் கரையில் விடுவது பல நாடுகளுக்கு மேலான வழி என்று நினைக்கிறேன். படகு விலை கூடும், ஆனால் வண்டி எளிதாகும், வீரர் மூழ்கும் பெட்டிக்குள் உட்கார வேண்டியதில்லை.

எப்போது இது சரி: காக்க வேண்டிய தீவு தாய்நிலத்திலிருந்து பல நூறு கி.மீ. தள்ளி இருந்தால், காவல் கப்பலும் கண்ணிவெடி அகற்றும் கப்பலும் ஏற்கெனவே இருந்தால், புயலும் நிலநடுக்கமும் அடிக்கடி வரும் தீவுக்கூட்டமாக இருந்தால்.

## வழி 2: கரையோர ஏவுகணைப் படை

2020 மார்ச்சில் அமெரிக்க மரைன் படையின் தளபதி டேவிட் பெர்கர் வெளியிட்ட ஃபோர்ஸ் டிசைன் 2030 திட்டம்தான் இந்த வழியை உலகப் பேச்சாக்கியது. டாங்கிகள் அனைத்தும் போயின. குழல் பீரங்கி அணிகளை 21-இலிருந்து 5 ஆகக் குறைக்கத் திட்டமிட்டார்கள்; பிறகு அது 7 ஆனது. சுமார் 12,000 பேர் குறைப்பு. அந்த இடத்துக்கு ராக்கெட், ஏவுகணை, ட்ரோன் அணிகள் வந்தன. 2022 மார்ச்சில் ஹவாயில் முதல் கரையோர ரெஜிமென்ட் உருவானது. ஓட்டுநர் இல்லாத ஒரு சிறு வண்டியின் மேல் இரண்டு நார்வே ஏவுகணைகள், 185 கி.மீ. எட்டம். இதுதான் அதன் கை.

அடிப்படை எண்ணம் புதியதல்ல. 1982 ஜூன் 12 அன்று அர்ஜென்டினா வீரர்கள் கப்பலிலிருந்து கழற்றிய எக்ஸோசெட்டை டிரெய்லரில் பூட்டி ஸ்டான்லி கரையிலிருந்து ஏவினார்கள். பிரிட்டனின் கிளாமார்கன் போர்க்கப்பல் அடிபட்டு 14 பேர் இறந்தார்கள். 2006 ஜூலையில் லெபனான் கரையிலிருந்து வந்த ஏவுகணை இஸ்ரேலின் ஹனிட் கப்பலைத் தாக்கியது. 2022 ஏப்ரலில் உக்ரைனின் நெப்டியூன் ஏவுகணைகள் இரண்டு, ரஷ்யாவின் கருங்கடல் கடற்படையின் தலைமைக் கப்பலான மாஸ்க்வாவை மூழ்கடித்தன. ஒடேசாவில் ரஷ்யா இறங்கும் என்ற பேச்சு அதன்பின் ஓய்ந்தது. பெரிய கடற்படை இல்லாத நாடு பெரிய கடற்படையைத் தள்ளி நிறுத்த முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பிலிப்பீன்ஸ் இதை நேராகவே எடுத்துக்கொண்டது. 7,641 தீவுகள் கொண்ட நாடு. 2022 ஜனவரியில் சுமார் 37.5 கோடி டாலருக்கு மூன்று பிரமோஸ் பேட்டரிகளுக்கு (ஏவுகணை அணிகளுக்கு) இந்தியாவோடு ஒப்பந்தம் போட்டது. முதல் தொகுதி 2024 ஏப்ரலில் வந்து சேர்ந்தது. எட்டம் 290 கி.மீ. முக்கியமான விஷயம், அவற்றை மரைன் படையின் கரையோரப் பாதுகாப்பு ரெஜிமென்ட்டிடம் ஒப்படைத்ததுதான். முதல் தொகுதி வருவதற்கே ஒப்பந்தத்திலிருந்து இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது வெளிக்கணக்கு. ஏவுகணை 290 கி.மீ. போகும். கரையில் நிற்கும் ரேடாருக்குப் பூமியின் வளைவு குறுக்கே வருகிறது. கடல் மட்டத்தில் வரும் கப்பலைச் சில பத்து கி.மீ. தூரத்தில்தான் சாதாரணமாகப் பார்க்கும். மிச்சத் தூரத்தைப் பார்க்கக் கடல் ரோந்து விமானம், ட்ரோன், செயற்கைக்கோள், அவற்றை ஏவுவண்டியோடு இணைக்கும் பாதுகாப்பான தொடர்பு எல்லாம் வேண்டும். அங்கே தெரிவது எதிரிப் போர்க்கப்பலா, மீன்பிடிக் கப்பலா, எண்ணெய்க் கப்பலா என்று சொல்ல ஆள் வேண்டும். கண்ணை வாங்காமல் கையை மட்டும் வாங்கிய நாடுகள் அணிவகுப்பில் ஏவுகணையைக் காட்டலாம். கடலில் எதையும் அடிக்க முடியாது.

அடுத்து, இடம் மாறுவது. ஏவியதும் வண்டி நகர வேண்டும். தீவுவிட்டுத் தீவு போகப் படகு வேண்டும். அமெரிக்கத் திட்டமே இந்த இடத்தில் தடுமாறியது. ஏவுகணை அணிகள் உருவாகிவிட்டன, அவற்றைச் சுமக்க வேண்டிய நடுத்தரத் தரையிறங்கு கப்பல்கள் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயின. அந்நாட்டின் ஓய்வுபெற்ற தளபதிகள் பலர் டாங்கியையும் பீரங்கியையும் விட்டதை வெளிப்படையாக எதிர்த்தார்கள். அவர்கள் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனால் புதியது கைக்கு வரும் முன்பே பழையதை விட்டுவிட்டீர்கள் என்ற ஒரு குறை நியாயமானது. பிறநாட்டு மண்ணில் நிற்கும் திட்டமானால், அந்த நாட்டின் அனுமதி போர் மூளும் நாளிலும் நிலைக்குமா என்ற கேள்வியும் கூட வருகிறது.

கடைசியாக, இந்தப் படையால் தடுக்க முடியும், மீட்க முடியாது. எதிரி உங்கள் தீவில் ஏறி உட்கார்ந்துவிட்டால் ஏவுகணை அவனுக்குச் சோறு வருவதை நிறுத்தும். பாம்புத் தீவில் அது போதுமானதாக இருந்தது. மக்கள் வாழும் தீவில் அதே சோற்றைத்தான் உங்கள் மக்களும் எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எப்போது இது சரி: காக்க வேண்டியது சொந்தக் கரையாக இருந்தால், குறுகிய நீரிணையோ தீவு வரிசையோ இருந்தால், எதிரியின் கடற்படை உங்களதைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தால்.

## வழி 3: சிறு அணிகளும் ட்ரோன்களும்

பிரிட்டனின் ராயல் மரைன்கள் ஃப்யூச்சர் கமாண்டோ ஃபோர்ஸ் என்ற பெயரில் எடுத்த பாதை இது. பெரிய பட்டாளமாக இறங்குவதை விட்டு, சிதறிய சிறு அணிகளாக இரவில் வந்து ரேடாரையோ ஏவுதளத்தையோ அழித்துவிட்டுத் திரும்புவது. பொருள் செலவு மூன்றிலும் இதற்குத்தான் குறைவு. ட்ரோன் சேர்ந்தபின் இதன் எட்டம் பல மடங்கு கூடிவிட்டது. 2024 பிப்ரவரி 14 அன்று உக்ரைனின் ஆளில்லாப் படகுகள் ரஷ்யாவின் சீசர் குனிகோவ் என்ற தரையிறங்கு கப்பலை மூழ்கடித்தன. அந்தப் படகுகளை இயக்கியது உக்ரைனின் ராணுவ உளவுத்துறை. இங்கும் பணி ஒருவருடையது, கணக்கு வேறொருவருடையது.

செலவு குறைவு என்பது பொருளுக்கு மட்டும்தான். ஆள் உருவாக ஆண்டுகள் ஆகும். ராயல் மரைன் பயிற்சியே 30 வாரத்துக்கு மேல். அதன் பிறகும் பனி, மலை, நீச்சல், படகு என்று பயிற்சி நீளும். ஒரு நல்ல அணி ஓர் இரவில் போனால் அதைப் பணம் கொடுத்து அடுத்த மாதம் வாங்க முடியாது. ட்ரோனோ வேறு விதம்: எதிரி அலைவரிசையை முடக்கக் கற்றதும் சில மாதத்திலேயே பழசாகிவிடும். அதனால் ட்ரோனை ஒரே தடவை மொத்தமாக வாங்குவது வீண். பட்டறையும் பொறியாளரும் படைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

இந்த வழிக்கும் தாய்க்கப்பல் வேண்டும். பிரிட்டன் ஓஷன் என்ற கப்பலை 2018-இல் பிரேசிலுக்கு விற்றது. ஆல்பியன், புல்வார்க் என்ற தரையிறங்கு கப்பல்கள் இரண்டையும் விடப்போவதாக 2024 நவம்பரில் அறிவித்தது. மாற்றுக் கப்பல்கள் 2030-களில்தான் வரும். தன் மரைன்களைத் தொலைவுக்குக் கொண்டுபோக அந்த நாடு இப்போது துணைக்கப்பல்களை நம்பியிருக்கிறது.

சிறு அணியை இடத்தைப் பிடித்து வைத்திருக்கச் சொல்லவே கூடாது. 2023 இலையுதிர் காலத்தில் உக்ரைன் மரைன்கள் நீப்ரோ ஆற்றைக் கடந்து கிரிங்கி கிராமத்தில் கால் ஊன்றினார்கள். கனரக ஊர்தி அக்கரைக்கு வரவில்லை. தண்ணீர், தோட்டா, காயம்பட்டவர் எல்லாம் சிறு படகில்தான், அதுவும் மேலே ட்ரோன் சுற்றும்போது. மாதக்கணக்கில் தாக்குப்பிடித்துவிட்டுப் பெரும் இழப்போடு 2024-இல் விலகினார்கள். வீரத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நான்காம் நாள் கேள்விக்கு அங்கே பதில் இல்லை.

எப்போது இது சரி: ஏற்கெனவே தேர்ந்த படை இருந்து பணம் மட்டும் குறைவாக இருந்தால், கடற்கொள்ளை, கடத்தல், பயங்கரவாதம் போன்ற அச்சுறுத்தல் பெரிதாக இருந்தால், மற்ற இரு வழிகளில் ஒன்றுக்குத் துணையாக இருந்தால். தனித்து நிற்கும் வழியாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பெரிய கப்பல்கள் | கரையோர ஏவுகணை | சிறு அணிகள், ட்ரோன் |
|---|---|---|---|
| எந்தக் கரை | தொலைவுக் கரை, தீவு மீட்பு | சொந்தக் கரை, நீரிணை | எதிரிக் கரையில் சில மணி நேரம் |
| வழியில் தப்புவது | காவல் கப்பல் இல்லாமல் கடினம் | பதுங்கி நகர்ந்தால் நன்று | நன்று, எண்ணிக்கை குறைந்தால் |
| நான்காம் நாள் | கப்பல் பிழைத்தால் பிரச்சினை இல்லை | தீவுகளுக்கு இடையே படகு வேண்டும் | தங்கக் கூடாது |
| பிறர் கணக்கில் கிடக்கும் செலவு | காவல் கப்பல், கண்ணிவெடி அகற்றல், உலர்துறை | ரோந்து விமானம், செயற்கைக்கோள், தொடர்பு | தாய்க்கப்பல், உளவுத் தகவல் |
| தயாராக ஆகும் காலம் | மிக நீளம் | சில ஆண்டுகள் | பொருள் விரைவில், ஆள் மெதுவாக |
| அமைதிக்காலப் பயன் | மிக அதிகம் | கண்காணிப்பு மட்டும் | கடலோரக் காவல், மீட்பு |

## நான் போடும் வரிசை

சொந்தக் கரையையும் அருகிலுள்ள தீவுகளையும் காக்க வேண்டிய நடுத்தர நாட்டுக்கு நான் இரண்டாம் வழியையே முதுகெலும்பாக எடுப்பேன். ஆனால் ஏவுகணை வாங்குவது அதில் மூன்றாவது வேலை. முதலில் கண்: கரையோர ரேடார், ரோந்து ட்ரோன், கடலோரக் காவல்படையும் மீனவரும் சொல்வது வந்து சேரும் ஒரே கட்டுப்பாட்டு அறை. இவை அமைதிக்காலத்திலும் தினமும் வேலை செய்யும். இரண்டாவது படகு: துறைமுகம் இல்லாத கரையில் நேராக ஏறி நிற்கக்கூடிய சிறு தரையிறங்கு கப்பல்கள், பகட்டில்லாதவை, எண்ணிக்கையில் கூடுதலாக. ஒன்று போனாலும் மற்றவை ஓடும். புயல் நாளில் குடிநீரும் கொண்டுபோகும். மூன்றாவதாக ஏவுகணை பேட்டரிகள். அவற்றோடு தேர்ந்த ஒரு பட்டாலியனைச் சிறு அணி வேலைக்குத் தனியே வளர்க்கலாம்.

தாய்நிலத்துக்கு எட்டாத தீவுகள் உள்ள நாட்டுக்கு இந்த வரிசை போதாது. அதற்கு எல்பிடி வேண்டும், அதுவும் குறைந்தது இரண்டு. அதற்குப் பணம் இல்லையென்றால் கப்பல் ஒன்றை வாங்கிப் படம் எடுத்துக்கொள்வதைவிட, அந்தத் தீவிலேயே நிரந்தரமாக ஒரு பட்டாலியனையும் ஏவுகணைகளையும் சேமிப்புக் கிடங்கையும் வைப்பது நேர்மையான தீர்வு. தீவை இழக்காமல் இருக்க ஆகும் செலவு, இழந்து மீட்க ஆகும் செலவில் சிறு பங்கு.

எதிலும் கையெழுத்துப் போடும் முன் ஒரு பயிற்சியை மட்டும் நடத்திப் பார்க்கச் சொல்வேன். இப்போது இருக்கும் ஒரு கம்பெனி வீரர்களை, இப்போது இருக்கும் படகுகளிலேயே, பட்டியலில் உள்ள மிகத் தொலைவான தீவுக்கு இரவில் அனுப்புங்கள். பத்து நாள் அங்கே வைத்து, கடல் வழியாக மட்டுமே அவர்களுக்கு வேண்டியதைக் கொடுங்கள். எந்த நாளில் தண்ணீர் தீர்ந்தது, எந்தப் படகு எந்த ஓதத்தில் தரைதட்டியது, ரேடியோ எங்கே எடுக்கவில்லை, கால் உடைந்ததாக வைத்துக்கொண்ட வீரரை மருத்துவமனைக்குக் கொண்டுவர எத்தனை மணி நேரம் ஆனது, கடற்படையிடமும் விமானப்படையிடமும் எத்தனை முறை கேட்டும் கிடைக்காமல் போனது எது என்று ஒரு ஹவில்தார் நோட்டுப்புத்தகத்தில் எழுதி வரட்டும். கொள்முதல் பட்டியலை அந்த நோட்டிலிருந்து தொடங்குங்கள்.